கல்லாப் பக்கத்துக்கு ஒரு சுழலும் விளம்பர அட்டைப் பெட்டி: ஜெனீவா சக்கரம் வைத்து நாமே செய்யும் முழு வழிகாட்டி

கடை மேசை மேல் வைக்கிற சுழலும் விளம்பரப் பெட்டியை நிறையப் பேர் தாங்களே செய்து பார்க்கிறார்கள். பெரும்பாலும் மோட்டாரை நேராக, அட்டைகள் மாட்டிய உருளையில், அதாவது டிரம்மில், மாட்டிவிடுவார்கள், அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும், ஆனால் அதில் இருக்கிற ஒரு வரியைக்கூட யாரும் முழுசாகப் படிக்க மாட்டார்கள். கண் எழுத்தைப் பிடிக்கும்போதே அது நகர்ந்து போய்விடுகிறது. அசைவு ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கும், அவ்வளவுதான். படிக்க வைப்பது அட்டை நிற்கிற நேரம். ஆகவே இந்தப் பெட்டியில் நாம் உண்மையில் செய்யப்போவது சுற்றும் இயந்திரம் இல்லை, சரியான இடத்தில் சரியாக நிற்கும் இயந்திரம்.

இந்த நிறுத்தத்தைப் பழைய ஆட்கள் பல விதமாகச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1890களில் ஹெர்மன் காஸ்லர் செய்த மியூட்டோஸ்கோப் என்ற, கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கும் படப்பெட்டியில் சுமார் 850 அட்டைகள் ஒரு உருளையில் விசிறி போல நின்றிருக்கும், மேலே ஒரு சின்ன நாக்கு ஒவ்வொரு அட்டையையும் ஒரு கணம் பிடித்துவிட்டு விடும், அந்தக் கண நிறுத்தத்தால்தான் படம் அசைவது போலத் தெரியும். இத்தாலியில் ஊதினே நகரத்து சொலாரி நிறுவனம் அதே போன்ற பிடித்து விடும் வேலையை வைத்து ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் சடசடவென்று புரளும் பலகைகளைச் செய்தது. 1956இல் பெல்ஜியத்தின் லியேஜ் நிலையத்தில் அது வந்தது. சாலையோரத்தில் மூன்று பக்கப் பட்டகங்கள் ஒன்றாகத் திரும்பி விளம்பரம் மாறும் பெரிய போர்டுகள் இன்னொரு வகை. நாம் எடுக்கப்போவது இவை எதுவும் இல்லை. பழைய சினிமா தியேட்டர் ஃபிலிம் புரொஜெக்டரில் ஃபிலிமை ஒவ்வொரு கட்டமாக இழுத்து நிறுத்திய ஜெனீவா சக்கரம், ஆபரேட்டர்கள் மால்டீஸ் கிராஸ் என்று சொன்னது, அதேதான். புரொஜெக்டரில் 4 காடி (சக்கரத்தின் விளிம்பிலிருந்து உள்நோக்கி வெட்டிய நீளப் பிளவு), நொடிக்கு 24 முறை நிறுத்தம். நமக்கு 6 காடி, 12 நொடிக்கு ஒரு முறை.

ஏன் 6 பக்கம், ஏன் நின்ற அச்சு

ஜெனீவாவின் கணக்கு எளிது. மோட்டார் சுற்றும் ஓட்டும் தட்டில் ஒரு பின், அதாவது சின்ன முளை, இருக்கும். தட்டு ஒரு சுற்று சுற்றும்போது பின் ஒரு காடிக்குள் புகுந்து சக்கரத்தை ஒரு கட்டம் தள்ளிவிட்டு வெளியே வரும், மிச்ச நேரம் சக்கரம் பூட்டப்பட்டு அசையாமல் நிற்கும். 4 காடி என்றால் சுற்றின் 90 பாகை நகர்வு, 270 பாகை நிறுத்தம். 6 காடி என்றால் 120 பாகை நகர்வு, 240 பாகை நிறுத்தம். நிறுத்தம்தான் முக்கியம் என்றால் 4 காடிதானே நல்லது என்று கேட்பீர்கள். ஆனால் 4 காடியில் நகர்வின் நடுக்கட்டத்தில் சக்கரம் மோட்டாரைவிடச் சுமார் 2.4 மடங்கு வேகமாகப் பாயும், 6 காடியில் அந்த உச்சமே மோட்டார் வேகத்துக்குச் சமம்தான். அட்டை மாட்டிய டிரம்முக்கு எடை இருக்கிறது, அதை உதறி உதறித் திருப்பினால் பெட்டியே ஆடும். 6தான் சரி. மேலும் 6 விளம்பரம் வைக்கலாம், அறுகோணம் வரைவதும் சுலபம்.

அச்சு செங்குத்தாக நிற்கட்டும். படுக்கை அச்சு வைத்தால் ஒரு அட்டை கொஞ்சம் கனமாக இருந்தாலும் டிரம் அந்தப் பக்கம் இழுக்கும், மோட்டார் ஏறும்போது முக்கும், இறங்கும்போது ஓடும். நின்ற அச்சில் இந்தத் தொல்லை இல்லை, எடை முழுதும் கீழ் பேரிங்கில் உட்கார்ந்துவிடும்.

அட்டை அளவு ஏ6, அதாவது 105 × 148 மி.மீ., நின்ற வாக்கில். ஒரு ஏ4 தாளில் வீணாகாமல் நாலு அட்டை வரும். இதைச் சுற்றித்தான் மற்ற அளவெல்லாம்.

வாங்க வேண்டியவை

மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் சின்ன சிங்க்ரனஸ் மோட்டார் ஒன்று, 5 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 5 சுற்று), 4 வாட். மேலே 5/6 என்று எழுதியிருக்கும், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 5, மற்ற நாட்டு 60 ஹெர்ட்ஸில் 6 என்று அர்த்தம். வோல்ட் எவ்வளவு என்பதையும் அதிலேயே பாருங்கள், 230 இல்லாமல் குறைந்த வோல்ட்டில் ஓடுவதும் கடையில் இருக்கிறது, மாற்றி வாங்கி வந்தால் செருகிய உடனே புகைதான். இந்த மோட்டாரை நான் சொல்வதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. சத்தம் கிட்டத்தட்ட கிடையாது, வேகம் மாறாது, ஏதாவது மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுபோனாலும் சாதாரணமாக எரிந்துபோகாது. 12 வோல்ட் டிசி கியர் மோட்டாரும் போடலாம், 230ஐத் தொடப் பயம் என்றால் அதைத்தான் போட வேண்டும், ஆனால் நாள் முழுக்க அதன் கியர் உறுமலைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் 8 மி.மீ. ஸ்டீல் ராடு ஒன்று, 608 பேரிங் இரண்டு (உள்ளே 8, வெளியே 22, தடிமன் 7 மி.மீ.), 8 மி.மீ. ராடுக்குப் பொருந்தும் ஃபிளாஞ்ச் கப்ளிங் (சக்கரத்தையும் டிரம்மையும் ராடோடு பிடிக்கும் தட்டு வைத்த வளையம்) மூன்று, ராடைச் சுற்றி இறுக்கும் ஸ்குரூ வைத்த வளையம், அதாவது காலர், ஒன்று, 6 மி.மீ. பித்தளை ராடு ஒரு துண்டு, எம்3 ஸ்குரூ நட்டுகள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை நடந்தால் பெரும்பாலானவை கிடைத்துவிடும், வெளியூர் என்றால் ஆன்லைனில். தகட்டு வேலைக்கு 6 மி.மீ. அக்ரிலிக், அடித்தளத்துக்கும் மேல்தட்டுக்கும் 12 மி.மீ. பிளைவுட், டிரம் பக்கங்களுக்கு 5 மி.மீ. சன்போர்டு (எடை குறைந்த பிளாஸ்டிக் நுரைப் பலகை). அக்ரிலிக்கை லேசர் கட்டிங் கடையில் வெட்டிக்கொள்ளலாம், பெயர்ப்பலகை செய்பவர்கள் பலரிடம் மெஷின் இருக்கிறது.

சக்கரத்தை வரைதல்: இங்கே அவசரப்படாதீர்கள்

முழு வேலையிலும் கணக்குப் பிசகக்கூடாத இடம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஒரு மி.மீ. முன்னே பின்னே ஆனாலும் ஓடும்.

இரண்டு மையங்களுக்கு இடையே தூரம் 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், அதாவது மோட்டார் தண்டின் மையத்துக்கும் டிரம் ராடின் மையத்துக்கும் நடுவே. 6 காடி என்பதால் பின் இருக்கும் ஆரம் 80இல் பாதி, 40 மி.மீ. சக்கரத்தின் வெளி ஆரம் 80 × 0.866 = 69.3 மி.மீ. இந்த இரண்டையும் மாற்றக்கூடாது. பின் காடிக்குள் நுழையும் நொடியில் இரண்டு ஆரங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால்தான் இடிக்காமல் வழுக்கிக்கொண்டு புகும், அந்தச் செங்கோணத்திலிருந்து வந்த எண்கள் இவை.

சக்கரத்தில் 60 பாகைக்கு ஒன்றாக 6 காடி. பின் 6 மி.மீ. என்பதால் காடி அகலம் 6.3. காடியின் அடிப்பகுதி அரைவட்டமாக முடியட்டும், அந்த அரைவட்டத்தின் மையம் சக்கர மையத்திலிருந்து 40 இருந்தால் கணக்குக்குப் போதும், நான் 39 வைக்கச் சொல்வேன், பின் அடியில் போய் முட்டாது. சதுர மூலையாக வெட்டினால் அக்ரிலிக் அந்த மூலையிலிருந்துதான் விரியும்.

இரண்டு காடிகளுக்கு நடுவே ஒவ்வொரு இடத்திலும் உள்ளே குழிந்த ஒரு வளைவு வேண்டும், இதுதான் பூட்டு. சக்கர மையத்திலிருந்து, காடிகளுக்குச் சரிநடுவான திசையில், 80 மி.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். அதை மையமாகக்கொண்டு 31 மி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, சக்கரத்தில் விழும் பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். ஆறு இடத்திலும் இப்படியே. முடித்துப் பார்த்தால் நட்சத்திரம் போல ஒரு உருவம் வரும்.

ஓட்டும் பக்கம் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கு ஒரு கை மாதிரி, மையத்தில் மோட்டார் தண்டுக்கான ஓட்டை, 40 மி.மீ. தள்ளி பித்தளைப் பின். மேல் அடுக்கு பூட்டுத் தட்டு, 30.7 மி.மீ. ஆரமுள்ள வட்டம். பூட்டு வளைவு 31, தட்டு 30.7, இடையில் இருக்கும் 0.3 மி.மீ. தளர்வில்தான் சக்கரம் சுற்றாமலும் இறுகாமலும் நிற்கிறது. இந்தப் பூட்டுத் தட்டில், பின் இருக்கும் திசையில், பிறை வடிவில் ஒரு பகுதியை எடுத்துவிட வேண்டும். தட்டின் மையத்திலிருந்து பின்னை நோக்கி 80 மி.மீ. தள்ளிப் புள்ளி வைத்து, 70 மி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டால், தட்டின் மேல் விழும் பகுதி எவ்வளவோ அதுதான் பிறை. இந்த அளவில் பிறையின் விளிம்பு பின்னுக்கு இரு பக்கமும் 60 பாகையில் வந்து நிற்கும், பின் காடிக்குள் நுழையும் கோணமும் அதே 60. ஒன்று பூட்டைத் திறக்கும்போது மற்றது கையைப் பிடிக்கிறது. 70ஐ 75 என்று போட்டால் இடையில் பூட்டும் இல்லாமல் பின்னும் இல்லாமல் டிரம் அனாதையாகச் சில பாகை ஆடும், அடுத்த சுற்றில் பின் காடியைப் பார்க்காமல் பல்லில் போய் இடிக்கும்.

லேசர் கடைக்கு டிஎக்ஸ்எஃப் என்ற வரைபட ஃபைலாகக் கொடுங்கள், இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளிலேயே வரைந்து சேமிக்கலாம். மோட்டார் தண்டு பெரும்பாலும் டி வடிவில் இருக்கும், வெர்னியரால் அளந்து அதே வடிவில் ஓட்டை போடுங்கள், வட்ட ஓட்டை போட்டு பசை வைத்து ஒட்டுவது இரண்டு நாள்கூடத் தாங்காது. முதலில் மட்டமான எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) துண்டில் ஒரு தடவை வெட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் அக்ரிலிக்கில் வெட்டச் சொல்லுங்கள்.

அடித்தளமும் ராடும்

பெட்டியின் உள் அளவு 270 × 270 மி.மீ. வைத்துக்கொள்ளலாம். அடித் தட்டின் நடுவில் 22 மி.மீ. குழி எடுத்து ஒரு பேரிங்கை அழுத்தி உட்கார வையுங்கள், மேல்தட்டின் நடுவில் இன்னொன்று. ராடில் காலரை மாட்டி, காலருக்கும் கீழ் பேரிங்குக்கும் நடுவே பேரிங்கின் உள் வளையத்தை மட்டும் தொடும் ஒரு சின்ன வாஷர் போடுங்கள். பெரிய வாஷர் போட்டால் வெளி வளையத்திலும் உரசும், பேரிங் போட்டதே வீண்.

ராடு நேராக நிற்கிறதா என்று மூலை மட்டம் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரிங்கும் ஒரே கோட்டில் இல்லையென்றால் ராடு ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளரும். விரலால் சுண்டிவிட்டால் ராடு தானாகக் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நிற்க வேண்டும், அது வரை மேலே போகாதீர்கள்.

மோட்டாரை பிளைவுட்டில் நேராகத் திருகினால் அதன் குட்டைத் தண்டு 12 மி.மீ. பலகையிலேயே காணாமல் போய்விடும். டிரம் மையத்திலிருந்து 80 மி.மீ. பின்னால் பிளைவுட்டில் மோட்டார் நுழையும்படி பெரிய ஓட்டை போட்டு, அதன் மேல் 3 மி.மீ. தகடு ஒன்றை வைத்து, மோட்டாரை அந்தத் தகட்டின் அடியில் தொங்கவிடுங்கள். தகட்டைப் பலகையில் பிடிக்கும் ஓட்டைகளை நீள்வட்டமாக வைத்தால் 80 மி.மீ. தூரத்தைப் பின்னால் இரண்டு மி.மீ. தள்ளியும் இழுத்தும் சரிசெய்யலாம். மோட்டார் கீழே துருத்துவதால் பெட்டிக்கு 40 மி.மீ. உயரக் கால் வேண்டும்.

சேர்க்கும் வரிசை

கீழிருந்து மேலே: 3 மி.மீ. தகடு, மெல்லிய வாஷர், பின் வைத்த கை, அதன் மேல் பூட்டுத் தட்டு. கையையும் தட்டையும் இரண்டு எம்3 ஸ்குரூவால் சேர்த்துவிடுங்கள், பிறையின் நடு சரியாகப் பின்னைப் பார்க்கட்டும். ஜெனீவா சக்கரம் பூட்டுத் தட்டின் அதே மட்டத்தில் வர வேண்டும், கைக்கு மேலே ஒரு மி.மீ. இடைவெளியுடன். ஃபிளாஞ்ச் கப்ளிங்கைச் சக்கரத்தின் மேல் பக்கம் வைத்து ராடில் பிடித்தால் அடியில் எதுவும் இடிக்காது. பின் சக்கரத்தைத் தாண்டி ஒன்றிரண்டு மி.மீ. வெளியே தெரிந்தால் போதும்.

இப்போது மோட்டாரை மாட்டுவதற்கு முன், அதன் இடத்தில் ஒரு போல்ட்டை வைத்து ஓட்டும் தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு திசையிலும் பத்து சுற்றாவது சுற்ற வேண்டும். மோட்டாரை மாட்டிய பிறகு கையால் சுற்றவே கூடாது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல் கழன்றுவிடும்.

இரண்டு திசை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வகை மோட்டார் மின்சாரம் கொடுத்ததும் எந்தப் பக்கம் சுற்றத் தொடங்கும் என்பது அதன் இஷ்டம். இன்று வலம், நாளை இடம். நம் பிறையும் காடியும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இயந்திரத்துக்குக் கவலை இல்லை. ஆனால் விளம்பரத்துக்குக் கவலை உண்டு: முதல் அட்டையில் கேள்வி, அடுத்த அட்டையில் பதில் என்று தொடர்கதை எழுதாதீர்கள், ஒருநாள் பதில் முதலில் வரும்.

டிரம்

110 மி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, அதே காம்பஸ் அகலத்தை மாற்றாமல் சுற்றிலும் ஆறு குறி வைத்துச் சேர்த்தால் 110 மி.மீ. பக்கமுள்ள அறுகோணம் வந்துவிடும். மேலும் கீழும் இப்படி இரண்டு தட்டு, அவற்றைச் சுற்றி 165 மி.மீ. உயரச் சன்போர்டு ஆறு. சன்போர்டின் தடிமனையும் சேர்த்தால் வெளி முனை மையத்திலிருந்து 116 மி.மீ. போகும், பக்கத்தின் நடுவோ 100 மி.மீ.தான் இருக்கும். இந்த 16 மி.மீ. வித்தியாசத்தை மறந்துவிட்டு முன் கண்ணாடியை அட்டைக்கு ஒட்டி வைத்தால் முதல் திருப்பத்திலேயே முனை கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும். கண்ணாடியை மையத்திலிருந்து 125 மி.மீ.யில் வையுங்கள்.

அட்டையை ஒட்டாதீர்கள். இரு ஓரத்திலும் கீழேயும் மெல்லிய பிளாஸ்டிக் சேனல் ஒட்டினால் மேலிருந்து அட்டையைச் செருகி எடுக்கலாம். மேல்தட்டைத் திறக்காமல் மாற்ற முடிய வேண்டும் என்றால் பெட்டியின் பின்பக்கத்தைக் கீல் வைத்த கதவாகச் செய்யுங்கள். அட்டை மாற்றக் கஷ்டமான பெட்டியில் போன பொங்கல் ஆஃபர் ஆடி வரை சுற்றிக்கொண்டிருக்கும், நிறையக் கடைகளில் பார்க்கலாம்.

டிரம்மை ராடில் மாட்டி, கப்ளிங் ஸ்குரூவை இறுக்காமல் விட்டு, சக்கரம் பூட்டிய நிலையில் இருக்கும்போது ஒரு பக்கம் ஜன்னலுக்கு நேராக வரும்படி டிரம்மைத் திருப்பி, அப்புறம் இறுக்குங்கள். ஜன்னல் திறப்பு 100 × 143 மி.மீ., அட்டையைவிடக் கொஞ்சம் சின்னது, ஓரமும் சேனலும் மறைந்துவிடும். பெட்டியின் உள்பக்கம் முழுக்க மங்கலான கறுப்பு அடியுங்கள்.

மின்சாரம், விளக்கு

230 வோல்ட் மோட்டாருக்கு 0.5 ஆம்ப் ஃபியூஸ், ஒரு சுவிட்ச், இணைப்புகள் மூடிய கனெக்டரில். வெறும் டேப் சுற்றி விடாதீர்கள், குழந்தைகள் கை படும் உயரத்தில் இருக்கப்போகும் பெட்டி இது. வயரிங் பழக்கம் இல்லையென்றால் இந்த ஒரு வேலையை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். விளக்குக்கு 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் எல்இடி ஸ்டிரிப், ஜன்னல் சட்டத்தின் உள் மேல் ஓரத்தில் கீழ்நோக்கி. டிரம்முக்குள் விளக்கு வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும், வயர் சுற்றிக்கொள்ளும், வேண்டாம்.

ஓடவிட்டுப் பார்த்தால்

5 ஆர்.பி.எம். என்றால் ஒரு சுற்றுக்கு 12 நொடி. அதில் 4 நொடி திரும்பும், 8 நொடி நிற்கும். 2.5 ஆர்.பி.எம். போட்டால் 8 நொடி திரும்பும், 16 நொடி நிற்கும், கல்லாவில் சில்லறைக்காகக் காத்திருப்பவருக்கு அது ரொம்ப மெதுவு. கையில் எதிரெதிராக இரண்டு பின் வைத்தால் சீக்கிரம் மாறுமே என்று சிலர் யோசிப்பார்கள். மாறும், ஆனால் 4 நொடி திரும்பி 2 நொடிதான் நிற்கும், ஆரம்பத்தில் சொன்ன பழைய குறைக்கே திரும்பிவிட்டோம்.

பின் நுழையும் இடத்தில் டக்கென்று இடித்தால் 80 மி.மீ. தூரம் தவறியிருக்கிறது, தகட்டைத் தளர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். நின்ற பிறகும் டிரம் ஆடினால் பூட்டு வளைவில் தளர்வு அதிகம், அல்லது கப்ளிங் ஸ்குரூ இளகியிருக்கும். முதலில் ஸ்குரூவைப் பாருங்கள், பாதி நேரம் அதுதான். ராடில் அந்த இடத்தில் அரத்தால் ஒரு தட்டைப் பகுதி எடுத்துவிட்டால் ஸ்குரூ மறுபடி வழுக்காது. கிறீச்சென்ற சத்தம் வந்தால் பின்னுக்கும் பூட்டு வளைவுக்கும் சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு. தின்னர், ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அக்ரிலிக்கில் நூல் நூலாக விரிசல் விடும்.

ராத்திரி கடையைப் பூட்டி மெயினை அணைக்கும்போது டிரம் பாதித் திருப்பத்தில் நின்றிருக்கும், இரண்டு அட்டையின் ஓரம் மட்டும் தெரியும். பழுது இல்லை. காலையில் அங்கிருந்தே தொடரும், சில நேரம் வந்த வழியே திரும்பியும் போகும்.

அட்டையில் என்ன எழுதுவது

300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டில் அச்சடித்து மேட் லேமினேஷன் போடுங்கள். பளபளப்பு லேமினேஷனில் எல்இடி வெளிச்சம் தெறித்து நடு எழுத்து மறையும். எழுத்து அளவுக்கு போர்டு எழுதுபவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு 10 அடிக்கு ஒரு அங்குலம். கல்லாவுக்கு முன்னால் நிற்பவர் ஆறு அடிக்குள் இருப்பார், அதனால் தலைப்பு எழுத்து 15 மி.மீ. உயரமாவது வேண்டும். தமிழில் கொம்பும் சுழியும் கால்வாங்கியும் இருப்பதால் இதைவிடக் கொஞ்சம் கூட்டியே வைப்பேன். 105 மி.மீ. அகலத்தில் அந்த அளவில் ஒரு வரிக்கு ஏழெட்டு எழுத்துதான் வரும், ஆகவே ஒரு பொருள், ஒரு விலை, ஒரு படம். செல்போன் நம்பரை எல்லா அட்டையிலும் போடுவதில் அர்த்தமில்லை, ஆள் ஏற்கெனவே கடைக்குள் நிற்கிறார். ஆறு பக்கத்தில் ஒன்றிரண்டைப் பக்கத்துக் கடைக்காரருக்கு மாத வாடகைக்குக் கொடுப்பது நல்ல யோசனை, அதே வியாபாரம் செய்பவராக இல்லாத வரை.

ஏ5 அளவில் பெரிசாக வேண்டும் என்பவர்களுக்கு: அறுகோணப் பக்கம் 155 மி.மீ., வெளி முனை 161, பெட்டியின் உள் அளவு 360. சக்கரத்தின் வெளி அளவை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் டிரம்மின் எடை இரண்டு மடங்கும், அதைத் திருப்பி நிறுத்தும் சிரமம் சுமார் நாலு மடங்கும் ஆகும், 5 ஆர்.பி.எம். மோட்டாரில் நிற்கும்போது ஒரு குலுக்கல் தெரியும். அங்கே மட்டும் 2.5 ஆர்.பி.எம். போடுங்கள், பின்னையும் 8 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். அப்போது காடி அகலம் 8.3, பூட்டு வளைவு 28, பூட்டுத் தட்டு 27.7 என்று மாறும், பிறையையும் புது அளவுக்கு மறுபடி வரைந்து இரு பக்கமும் 60 பாகையில் வந்து முடிகிறதா என்று சரிபார்த்த பிறகே வெட்டக் கொடுங்கள்.